எழுதினவள்தான் அழிக்கணும்

பிப்ரவரி 11
பெண்கள் சிறை, இரண்டாம் பிளாக்

ஏண்டி வாயாடி,

"அன்புள்ள"ன்னு ஆரம்பிக்கக் கை வரல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இன்னைக்குக் காலையில வார்டர் அம்மா ஒரு கட்சி நோட்டீஸைக் கொண்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சாங்க. "பாரு சிஸ்டர், உங்க வீட்டுக்கே நல்ல புத்தி வந்துடுச்சு"ன்னு ஒரு சிரிப்பு வேற. நம்ம சர்ச் வாசல்ல இருக்கிற ஜெபப் பலகையோட போட்டோ. அதுல அந்த அமைச்சர் பேர். அதை ஒட்டி என் பேர். ரெண்டும் உன் கையெழுத்து. உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? கீழே கொட்டை எழுத்துல, "சிறையில் இருக்கும் செவிலியரின் குடும்பமே அமைச்சர் நலம்பெற மன்றாடுகிறது. தவறை உணர்ந்தவர்களை வரவேற்போம்"னு போட்டிருக்கு.

தவறை உணர்ந்தவங்களாம்! எந்தத் தவறைடி நான் உணர்ந்தேன்?

உனக்கு மறந்துபோச்சு போல, திரும்பச் சொல்றேன். அறுபத்திரண்டு நோயாளி, ரெண்டே நர்ஸ். ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்ந்து ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தப்போ நான் வார்டோட அந்தக் கோடியில, வலிப்பு வந்த ஒரு பொண்ணு நாக்கைக் கடிச்சுக்காம பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் ஆள் போடுங்கன்னு மூணு மாசமா எழுதின மனு அத்தனையும் அந்த ஆள் மேஜையிலதான் தூங்குச்சு. அவர் மேடை ஏறி என்ன சொன்னார்? "நர்ஸுங்க போன்ல அரட்டை அடிச்சே ஒரு உயிரைக் கொன்னுட்டாங்க." அந்தப் பேச்சை வாபஸ் வாங்கச் சொல்லித்தானே ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்தோம். பதினஞ்சு பேரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க. பதினாலு பேர் மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, பிள்ளை குட்டிக்காரங்க. நானும் பிள்ளைக்காரிதான். அஞ்சு மாசமா என் பொண்ணுக்கு நான் தலை வாரி விடல.

இப்ப அந்த ஆளுக்குப் பக்கவாதம் வந்துட்டா உடனே நீ சுண்ணக்கட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவியா? அதுவும் என் பேர் பக்கத்துல?

பதில் எழுது. வசனம் எழுதி அனுப்பாத, கிழிச்சுப் போட்டுடுவேன்.

உன் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா (நீ எழுதலன்னாலும் நான் எழுதுவேன்),

வசனம் இல்ல, பயப்படாத. நடந்ததைச் சொல்றேன்.

முதல்ல பலகை. மூணு கட்டம் உனக்கே தெரியும்: பேர், காரணம், கேட்டவர். யார் கேட்டாங்களோ அவங்கதான் அழிக்கணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது. செப்டம்பர்லேர்ந்து உன் பேர் அங்க இருக்கு, கேட்டவர் நான். போன வாரம் ஆர்கன் வாசிக்கிற ஆன்ட்டி, கால் முறிவு குணமாயிடுச்சுன்னு தன் பேரைத் தானே அழிச்சாங்க. அந்த ஒரு இடம்தான் காலி. அது உன் பக்கத்துல இருந்துச்சு. இவ்வளவுதான் சங்கதி. ஒட்டி எழுதணும்னு நான் ஒண்ணும் திட்டம் போடல. போட்டோ எடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, அது என் முட்டாள்தனம்தான். ஒத்துக்கிறேன்.

ஆனா எழுதினது முட்டாள்தனம் இல்ல.

அந்தச் செய்தி வந்தப்போ நான் தையல் கூடத்துல இருந்தேன். முப்பது மிஷினும் டக்குன்னு நின்னுடுச்சு. யாரோ கை தட்டினாங்க. கட்டிங் மாஸ்டர் எழுந்து நின்னு, வாயை ஒரு பக்கம் கோணலா இழுத்துக்கிட்டு, எச்சில் ஒழுக, அமைச்சர் மாதிரியே பேசிக் காட்டினார். கூடமே குலுங்கிச்சு. அக்கா, நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். உனக்காகப் பழி வாங்கிட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் மிஷின்ல குனிஞ்சேன். பள்ளிக்கூடச் சட்டைக் காலர் ஒண்ணு பாதியில நின்னுச்சு. அந்தக் கோணல் வாயை நான் வேற எங்கயோ பாத்திருக்கேன்னு தோணிச்சு. நம்ம அப்பா கடைசி எட்டு மாசம் அந்த வாயோடதானே இருந்தார்? நீதானே துடைச்சு விட்டே? ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் அப்பா பேசுற மாதிரி பேசிக் காட்டினப்போ, செருப்பைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போனது யாரு?

அன்னைக்குச் சாயங்காலமே போய் எழுதினேன். காரணம் கட்டத்துல "சுகம்"னு மட்டும் போட்டேன், இடம் பத்தல. மனசுல கேட்டதை உனக்குச் சொல்றேன்: "ஆண்டவரே, இந்த ஆள் என் அக்கா மேல பொய் சொன்னார். அது பொய்னு அவர் வாயாலயே சொல்லணும். அதுக்கு அந்த வாய் வேணும். திருப்பிக் கொடுங்க." இது உனக்கு இளிச்சவாய்த்தனமா தெரியுதா?

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. அவர் உங்களை மனுஷங்களா நினைக்கல. அந்தப் பாடத்தை அவர்கிட்டேர்ந்தே நான் படிக்கணுமா? முடியாது. அவரோட கட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன், அவரோட பழக்கத்தையும் எடுத்துக்க மாட்டேன்.

உன் கடிதம் பாத்ததும் சாப்பாட்டு நேரத்துல கட்சி ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு வெள்ளைச்சட்டைக்காரர் இருக்கார், எல்லா வேலையும் அவர்தான். நோட்டீஸை எடுங்கன்னேன். "உங்க பலகைல இருக்கிறதைத்தானம்மா போட்டோம்"னு டீயை நீட்டினார். குடிக்காம வந்துட்டேன்.

பாப்பா நல்லா இருக்கா. மாமா லாரியோட போயிருக்கார், வர்ற வாரம்தான் வருவார். தலை நான்தான் வாரி விடறேன். உன்னை மாதிரி இறுக்கிப் பின்னத் தெரியலன்னு தினமும் எனக்குத் திட்டு.

உன் வாயாடி


பிப்ரவரி 20

அப்பாவை இதுல இழுக்காத. அப்பா யார் மேலயும் பழி போடல. யார் பொண்ணையும் ஜெயில்ல தள்ளல.

நீ சிரிச்சதுக்கு உனக்கு உறுத்திச்சு, அதனால எழுதினே. சரி, அது உன் பிரச்சனை. நான் என்ன பண்ணேன் தெரியுமா? செய்தி கேட்ட அன்னைக்கு இரண்டாவது தடவை தட்டை நீட்டினேன். அஞ்சு மாசத்துல அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். பக்கத்துச் செல்காரி, "என்ன சிஸ்டர், விசேஷமா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். எனக்கு எந்த உறுத்தலும் இல்ல.

ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த ஆள் பேரை அழி. நீதானே எழுதினே, நீ அழிக்கலாம். முடியாதுன்னா என் பேரை அழி. அதையும் நீதானே கேட்டே. ரெண்டும் ஒரே பலகையில இருக்கக் கூடாது.

அழிக்கிற வரைக்கும் என்னைப் பாக்க வராத. பாப்பாவை உன் மாமா கூட்டிக்கிட்டு வரட்டும்.


மார்ச் 2

அக்கா,

அழிக்கல. ரெண்டையும்.

கிழிக்காம முழுசாப் படி. நிறைய நடந்துடுச்சு.

உனக்கு முன்னாடியே இங்க ஒருத்தர் அழிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு புதன்கிழமை போய்ப் பாக்கிறேன், அமைச்சர் பேர் இருந்த இடம் ஈரமா இருக்கு. திரும்ப எழுதினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஈரம். மறுபடியும் எழுதினேன். மூணாவது தடவை சுண்ணக்கட்டியைத் தண்ணில நனைச்சு எழுதினேன், காஞ்சா லேசுல போகாது. ஆள் யாருன்னு பாத்தா ஆர்கன் ஆன்ட்டி! கையும் துணியுமா பிடிச்சேன். அவங்க பொண்ணும் உன்னோட உள்ள இருந்து கையெழுத்துப் போட்டுட்டு வந்தவதானே. "என் பொண்ணைத் தலை குனிய வெச்சவன் பேர் இங்க எதுக்குடி?"ன்னு அழுதாங்க. நான் சொன்னேன், "ஆன்ட்டி, நான் அவரைப் பாராட்டி எழுதல. அவர் பொழைக்கணும், பொழைச்சுப் பதில் சொல்லணும். செத்துட்டா யார்கிட்ட கேப்பீங்க?" துணியைக் கீழ போட்டுட்டுப் போயிட்டாங்க. சமாதானம் ஆகல. ஆனா அதுக்கப்புறம் அழிக்கல.

போதகரும் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணேன்மா"ன்னார். "மனசுக்குள்ளயும் பண்றேன் ஐயா. ஆனா நாலு பேர் முன்னாடி சிரிச்சேன், நாலு பேர் முன்னாடிதான் கேக்கணும்"னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே உள்ள போயிட்டார். பாவம், அவருக்கு ரெண்டு பக்கமும் இடி.

இப்ப பெரிய விஷயம். வெள்ளைச்சட்டைக்காரர் வீட்டுக்கே வந்துட்டார். சனிக்கிழமை மதியம் டவுன்ஹால்ல சர்வமத ஜெபக் கூட்டம், நான் மேடை ஏறி அமைச்சருக்காக ஜெபம் பண்ணணும். அதோட நீ மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா மறுநாளே கேஸ் வாபஸ். பாப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா. "அம்மா ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்களா அங்கிள்?"னு கேட்டுட்டா. அந்த ஒரு நிமிஷம் நான் ஆடிப் போயிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா கையெழுத்து அக்கா விஷயம், அவகிட்டயே கேளுங்கன்னேன். ஜெபம் என் விஷயம், அதுக்கு வர்றேன்னேன்.

போனேன். ஹால் நிறைய ஆள். நான் கண்ணை மூடிக்கிட்டு உனக்கு எழுதின அதே ஜெபத்தைத்தான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் விளக்கமா. "ஆண்டவரே, இவர் வலியில இருக்கார், இரக்கம் காட்டுங்க. இவர் பதினஞ்சு பெண்கள் மேல பொய் சொன்னார். அந்தப் பொய்யோட இவரைச் சாக விடாதீங்க. இவருக்குப் பேச்சைக் கொடுங்க, உண்மையைப் பேசுற தைரியத்தையும் கொடுங்க. அறுபத்திரண்டு பேருக்கு ரெண்டு நர்ஸ் போதுமான்னு இப்ப படுக்கையில கிடக்கிற இவருக்கே தெரியும்." அந்த இடத்துல மைக்கை அணைச்சுட்டாங்க. அணைச்சா என்ன, நம்ம குரல் தெரியாதா? முழுசா முடிச்சுட்டுத்தான் இறங்கினேன்.

ஒரு ஆள் ஆமென் சொல்லல. வெள்ளைச்சட்டைக்காரர் முகத்துல ஈயாடல. அப்புறம் முன் வரிசையில ஒரே ஒரு குரல் "ஆமென்"னு சொல்லிச்சு. அமைச்சரோட மனைவி.

வெளிய வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். காதுகிட்ட வந்து கேட்டாங்க: "வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்மா. முதுகுல புண் வந்துடுச்சு. வேலைக்கு வெச்ச ஆளுங்க அவரைத் தொடவே பயப்படறாங்க. உங்க அக்கா பக்கவாத வார்டுதானே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைக்கணும்?"

எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். உனக்குத் தெரியும். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன்.

திங்கள்கிழமை தையல் கூடத்துல இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. கட்சிக்காரர் ஒருத்தரோட சொந்தக்காரர்தான் முதலாளி, மறந்தே போயிட்டேன். வீட்டுல மிஷின் இருக்கு, பாத்துக்கலாம்.

ரெண்டு மூணு நாள்ல அந்த வெள்ளைச்சட்டைக்காரர் காகிதத்தோட உன்னைப் பாக்க வருவார். நீ கையெழுத்துப் போட்டாலும் நீ என் அக்காதான். பாப்பாவுக்காகப் போட்டேன்னு சொன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது, நான் விட மாட்டேன்.

உன் வாயாடி


மார்ச் 8

அன்புள்ள வாயாடி,

பாத்தியா, எழுதிட்டேன்.

அந்த ஆள் வந்தார். காகிதம் நல்ல கெட்டிக் காகிதம், வழவழன்னு. "என் அலட்சியத்தால் ஓர் உயிர் பறிபோனதை ஒப்புக்கொள்கிறேன். மாண்புமிகு அமைச்சர் அவர்களின் பெருந்தன்மையை வேண்டுகிறேன்." கீழ என் பேர், ஒரு கோடு. பேனாவைக் கூட அவரே திறந்து கொடுத்தார்.

மறைக்க மாட்டேன், பேனாவை வாங்கினேன். நீ எழுதின அந்த வரி, "அம்மா ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்களா அங்கிள்", அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. பேனா முனை அந்தக் கோட்டு மேல வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் அந்தப் பெரியவர் முகம். சிலிண்டர் தீர்ந்து போனவர். என் அலட்சியம்னு நான் எழுதிட்டா, ஆள் பத்தாமதான் அவர் போனார்ங்கிறது பேப்பர்ல எங்கயுமே இருக்காது. அடுத்த ரெண்டு நர்ஸுக்கும் அதே அறுபத்திரண்டு பேர்தான். முடியாதுடி. என் பொண்ணு வளந்து இதைப் படிச்சான்னா என்னைப் பத்தி என்ன நினைப்பா? பேனாவை மூடப் போனேன்.

அப்பத்தான் அந்த அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சு. முதுகுல புண். பக்கவாதம் வந்து மூணே வாரம்தான், அதுக்குள்ள புண்ணுன்னா ஆளை அப்படியே மல்லாக்கப் போட்டு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. யார் மேலன்னு கேக்காத. என் வார்டா இருந்தா நான் அப்படி விட்டிருப்பேனா? அறுபத்திரண்டு பேர் இருந்தப்பவும் என் வார்டுல முதுகுப் புண்ணோட ஒருத்தர் வீட்டுக்குப் போனதில்ல.

காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. கோடு போட்டுக் கட்டம் வரைஞ்சேன், நம்ம வார்டுல கட்டில் தலைமாட்டுல ஒட்டுவோமே, அதே அட்டவணை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டணும்: இடது, மல்லாக்க, வலது. இழுக்கக் கூடாது, துணியோட தூக்கணும். குதிகால் படுக்கையில படக் கூடாது, கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை. செயலிழந்த கையைப் பிடிச்சுத் தூக்கினா தோள் கழண்டுடும். உக்கார வெச்சுத்தான் ஊட்டணும், நல்லா இருக்கிற பக்கம் ஊட்டணும், கன்னத்துல சோறு தங்கியிருக்கான்னு விரலை விட்டுப் பாக்கணும். புரை ஏறாம இருக்கத் தண்ணியைக் கெட்டியாக்கிக் கொடுக்கணும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. புண்ணை நர்ஸ் ஒருத்தர் தினமும் பாக்கணும். கடைசியா எழுதினேன்: "அவர் காதுல விழாதுன்னு நினைச்சுக்கிட்டு அவர் முன்னாடி பேசாதீங்க. எல்லாம் புரியும்."

வெள்ளைச்சட்டைக்காரர் நான் என்னமோ பெரிய மன்னிப்பு எழுதறேன்னு நினைச்சு வாயெல்லாம் பல்லா உக்காந்திருந்தார். முடிச்சு நீட்டினேன். முன்பக்கம் பாத்தார், கோடு காலி. பின்பக்கம் பாத்தார். "இது என்ன?"ன்னார். "இது அந்த அம்மாவுக்கு. நீங்க கொடுக்கலன்னா என் தங்கச்சிகிட்ட சொல்லி மேடையில படிக்க வெப்பேன்"னேன். உன் பேரைச் சொன்னதும் மனுஷன் காகிதத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார். உன் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. மன்னிக்கல. அந்த ஆள் பேரைச் சொன்னா இன்னும் எனக்கு வயிறு எரியுது. அவர் கேட்டா மன்னிக்கலாமான்னு யோசிப்பேன், அவர்தான் கேக்கலயே. ஆனா நேத்து ரெண்டு மணிக்கு மணி அடிச்சப்போ, இப்ப இடது பக்கம் திருப்பியிருப்பாங்களான்னு தோணிச்சு. நாலு மணிக்கும் தோணிச்சு. ஆறு மணிக்கும். இது ஜெபமா என்னன்னு எனக்குத் தெரியல. எனக்கு இப்படித்தான் வருது.

ஒண்ணு செய். பலகையில அந்த ஆள் பேர் இருக்கில்ல, அதுல கேட்டவர் கட்டத்துல உன் பேரை அழிச்சுட்டு என் பேரை எழுது. நீ எழுதினதால உன்னை மிரட்டுவாங்க, வேலையை விட்டுத் தூக்குவாங்க. என்னை என்ன பண்ணுவாங்க? ஏற்கெனவே ஜெயில்லதானே இருக்கேன். இனிமே அதை ஆன்ட்டியும் அழிக்க முடியாது, போதகரும் அழிக்க முடியாது, நீயும் அழிக்க முடியாது. நான் வெளிய வந்து, என் கையால அழிப்பேன்.

புதன்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நீயே வா. சீப்பை எடுத்துட்டு வா, வார்டர் அம்மாகிட்ட கேட்டுட்டேன், விடுவாங்க. அவிழ்ந்த கயிறு மாதிரி நீ பின்னி விட்டிருப்பே, நான் ஒழுங்காப் பின்னி அனுப்பறேன்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை உன்கிட்ட சொல்ல விஷயம் இல்லாம இருந்துச்சு, இப்ப இருக்கு.

நேத்து அந்த அம்மா கார்ல வராம நடந்தே சர்ச்சுக்கு வந்தாங்க. பலகை முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. அவர் பேருக்கு நேரா கேட்டவர் கட்டத்துல உன் பேரைப் பாத்துட்டுக் கையால வாயை மூடிக்கிட்டாங்க.

உன் அட்டவணையைக் கட்டில் தலைமாட்டுல ஒட்டியிருக்காங்களாம். பசை போட்டுச் சுவரோட. மன்னிப்புக் கடிதம் சுவரைப் பாத்துக்கிட்டிருக்கு, உன் கட்டம் வெளியில தெரியுது. இப்ப நர்ஸ் ஒருத்தர் தினமும் வர்றாங்களாம், முதுகுப் புண் ஆற ஆரம்பிச்சுடுச்சாம். அவர் படுத்துக்கிட்டே அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாராம். "இது யார் எழுதினது"ன்னு கண்ணால கேட்டிருக்கார். அந்த அம்மா சொல்லிட்டாங்களாம். அன்னைக்கு முழுக்க அவர் கண்ணை மூடலயாம்.

போன வியாழக்கிழமை முதல் வார்த்தை வந்திருக்கு. "தண்ணி"ன்னாராம். அந்த அம்மா அதைச் சொல்லிட்டு அழுதாங்க. நானும் அவங்க தோளைப் பிடிச்சுக்கிட்டேன், என்னமோ தெரியல. அப்புறம், "அவர் பேரை அழிச்சுடலாமாம்மா, பேச்சு வந்துடுச்சே"ன்னு கேட்டாங்க.

"எங்க அக்கா வந்துதான் அழிக்கணும்"னேன். "அதோட நாங்க கேட்டது அந்த வார்த்தை இல்லம்மா."

அவங்க தலையை ஆட்டிட்டு, பக்கத்துல உனக்காக நான் கேட்டிருக்கிற வரிசையைக் காட்டி, "இதுல கேட்டவர் கட்டத்துல இன்னொரு பேர் எழுத இடம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

நெருக்கி எழுதினா பிடிக்கும்னு சொல்லி, சுண்ணக்கட்டியை நனைச்சுக் கொடுத்தேன்.

உன் வாயாடி